பிடிக்குள் இருந்த எண்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஆய்வறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை. கை கழுவ மாடிக்குப் போய்த் திரும்பினால், என் மேசைமேல் பழைய போர்வையில் சுற்றிய நீளப் பொட்டலம். பக்கத்து நாற்காலியில் அக்கா கணவர், காலாட்டிக்கொண்டு.

“டாக்டரம்மா, நோயாளியக் கொண்டாந்திருக்கேன். வயசு தெரியல, பொறந்த இடம் தெரியல. நீதான் பாத்துச் சொல்லணும்.”

அத்தானுக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. பழைய இரும்புக்கு வைத்தியம் பார்க்கிற என் வேலை அவருக்கு எப்போதும் சிரிப்புதான். ஆனால் போர்வையை அவிழ்க்கும்போது கை பயபக்தியோடு அவிழ்த்தது. குட்டையான வாள். அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்கும் முந்திய ஒருவர் ஏதோ ஒரு படையில் தளபதியாக இருந்தாராம். அவர் கையில் இருந்ததாம். சின்ன வயதிலிருந்து அப்பா சொல்லிக் கேட்ட கதை.

அந்த அப்பாவை ஊரே பெரியவர் என்றுதான் சொல்லும். எண்பதை நெருங்குகிறார், இப்போது கட்டிலோடு சரி. அவர் கண்ணை மூடுவதற்குள் வாளை எங்கள் அருங்காட்சியகத்தில், குடும்பப் பெயர் போட்ட பலகையோடு வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது அத்தானின் ஆசை. புதுக்கூடம் அடுத்த மாதம் திறக்கிறது.

“மாமாவுக்குத் தெரியுமா?” என்றேன்.

“சொன்னா சுவாரசியம் போயிடும். பீரோவுலேருந்து சத்தமில்லாம எடுத்துட்டு வந்தேன்.”

பிடி அபாரம். வெள்ளிக் கம்பி பதித்த கொடி வேலை, உள்ளங்கை தேய்த்துத் தேய்த்து இலைகள் மழுங்கியிருக்கின்றன. இருநூறு வருடம் தாராளமாகச் சொல்லலாம். அலகுதான்... சரி, நாளைக்குப் பார்ப்போம்.

மார்ச் 6, வியாழன்

அலகு பழசு இல்லை.

பூதக்கண்ணாடியில் தீட்டின கீறல்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நேராக ஓடுகின்றன. மின்சாரச் சாணை. ஓரத்தில் நகத்தளவு மெருகேற்றி அமிலம் தொட்டுப் பார்த்தேன். அந்தக் காலத்து எஃகானால் தண்ணீரில் காற்று பட்ட மாதிரி வரி வரும். குறைந்தபட்சம் அடித்து மடித்த அடையாளமாவது தெரியும். இது மொழுக்கென்று சாம்பலாகிவிட்டது. பல்கலைக்கழகத்திலிருந்து இரவல் வாங்கிய கருவி மிச்சத்தையும் சொன்னது: மாங்கனீசு இவ்வளவு, குரோமியம் இவ்வளவு. இந்தக் கலவை தொழிற்சாலையில் பிறந்தது. தளபதிக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

பழைய பிடிக்குப் புது அலகு போடுவது புதிதல்ல. உடைந்திருக்கும், மாற்றியிருப்பார்கள். சிரிப்புதான் வந்தது. இதை அத்தானிடம் எப்படிச் சொல்வது?

அக்கா போன் செய்தாள். “குட்டி, அந்த மனுஷன் மீசைக்கு மை அடிச்சிருக்கார்டி. திறப்பு விழாவுல போட்டோ எடுப்பாங்களாம்.” அவள் சிரித்தபோது நானும் சிரித்தேன். சொல்லவில்லை.

மார்ச் 7

இயக்குநர் எட்டிப் பார்த்தார். “பதினெட்டாம் நூற்றாண்டுன்னு இருந்தா பலகைக்கு அழகா இருக்கும்.” இருந்தால் எழுதுகிறேன் சார் என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

பிடிக்குள் நுழைந்திருக்கும் அலகின் முனையை நாங்கள் வால் என்போம். வெளியில் தெரியாது, அரக்கு ஊற்றி இறுக்கியிருக்கும். பிடியைக் கழற்றும் முன் எக்ஸ்ரே எடுப்பது வழக்கம். இன்று எடுத்தேன்.

வால் அகலமாக, முரட்டுத்தனமாக வெட்டியிருக்கிறது. அதன் கடைசி விளிம்பில் பாதி நிலா போல ஒரு வளைவு. ஒரு வட்ட ஓட்டையை நடுவில் வெட்டினால் ஆளுக்குப் பாதி கிடைக்குமே, அந்தப் பாதி.

லாரியின் அடியில் அடுக்கடுக்காக இருக்கும் ஸ்பிரிங் பட்டைக்கு நடுவில் ஒரு ஓட்டை உண்டு, ஆணி போட்டு இறுக்க. பட்டையைச் சரிபாதியாக அறுத்தால் இரண்டு கத்தி. ஒவ்வொன்றின் வாலிலும் பாதி நிலா.

எனக்கு இது ஏன் உடனே தெரிந்தது? படித்ததனால் அல்ல. முன்பே பார்த்திருக்கிறேன். எங்கே என்று ஞாபகம் வந்ததும் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன்.

மார்ச் 12

நிலவறைக்குப் போய் அந்த இரும்புப் பெட்டியைத் திறந்தேன்.

இந்த ஊரில் யாரும் அதற்குப் பெயர் சொல்வதில்லை. “அந்த வருஷம்” என்பார்கள், பேச்சை மாற்றிவிடுவார்கள். நான் அப்போது கைக்குழந்தை. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த தெருக்களில் ஆட்கள் புகுந்தார்கள். விடிந்தபோது அங்கே வீடு என்று சொல்ல எதுவும் இல்லை, மனிதர்கள் என்று சொல்லக் கொஞ்சம் பேர். அடுத்த கோடையில் ஏரி வற்றியபோது சேற்றிலிருந்து கத்திகள் எடுத்தார்கள். எந்தப் பட்டறையில் செய்தது என்று கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க யாருக்கு அவசரம்? வழக்கு கிடப்புக்குப் போனது. நீதிமன்றம் பெட்டியை இங்கே அனுப்பியது. இன்னும் அவர்கள் சொத்துதான், நாங்கள் காவல் மட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவற்றுக்குத் துரு நீக்கியவள் நான்.

ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். பிடி என்று ஒன்றும் இல்லை, சைக்கிள் டியூபை இறுகச் சுற்றியிருக்கிறார்கள். அந்த ரப்பர் உதிர்ந்துபோன இடங்களில் வால் தெரிகிறது. பாதி நிலா. எல்லாவற்றிலும் பாதி நிலா. இரண்டை ஒட்டி வைத்தேன். அறுத்த கோடு கோட்டோடு பொருந்தி, முழு ஓட்டை வட்டமாக என்னைப் பார்த்தது.

வாலில் எண்கள் குத்தியிருக்கின்றன. அன்றைக்கு இதை நான் யோசிக்கவே இல்லை. எதற்கு எண்? ஆளுக்கு ஒன்று கொடுத்து, திரும்ப வந்ததா என்று பார்க்கவா? எண் குத்தியவன் தொழில் தெரிந்தவன் இல்லை. 4 எல்லாம் தலைகீழ். 7-இல் சில தலைகீழ். குத்து ஆழமாகவும் இல்லை. ஒரே எண்ணை இரண்டு மூன்று முறை தட்டியிருக்கிறான், ஒன்றன் மேல் ஒன்று நகர்ந்து நிழல் போலத் தெரிகிறது. வலுவில்லாத கை.

மார்ச் 13

அரக்கை மெதுவாகச் சூடுகாட்டிப் பிடியைக் கழற்றினேன்.

வாலில் எண் இருக்கிறது. 1.

அத்தான் குடும்பம் இன்றைக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறது, லாரிகள் ஓடுகின்றன, பெரியவர் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது. அதற்கெல்லாம் முன்னால் அவருக்கு என்ன இருந்தது? நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு லாரிப் பட்டறை. கல்யாணத்தின்போது அத்தான் பெருமையாகச் சொன்னாரே, எங்கப்பா சுத்தியலோட ஆரம்பிச்சவர் என்று.

ஒன்றாம் எண்ணை யார் வைத்துக்கொள்வார்கள்?

இல்லை. யாரோ கொடுத்ததாக இருக்கலாம். ஏலத்தில் வாங்கியிருக்கலாம். — யாரை ஏமாற்றுகிறேன்?

மார்ச் 16, ஞாயிறு

“மாமா உன்னப் பாக்கணுங்கறார். பீரோவத் திறக்கச் சொல்லிப் பாத்தார், வாள் உங்கிட்ட இருக்குன்னு சொல்லிட்டேன், காலைலேருந்து ஒரே முணுமுணுப்பு” என்று அக்கா கூப்பிட்டாள். போனேன்.

அக்கா காப்பி கலக்க உள்ளே போனாள். அத்தான் வெளியே போயிருந்தார். பெரியவர் தலையணையில் சாய்ந்து, விரல்களைப் போர்வைமேல் அடுக்கி வைத்திருந்தார். உடம்பு சுருங்கிவிட்டது. விரல்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன, தடித்து.

“பிடியக் கழட்டிட்டியாம்மா?”

முகம் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வராது. “ஆமா மாமா.”

“அரக்கு நல்லாப் புடிச்சிருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“நானே ஊத்தினது.” கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். “பிடி பழசுதான். அதுல பொய் இல்ல. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுல செவத்துல மாட்டி வச்சிருந்தாங்க. அதோட அலகு துருப்புடிச்சு ஒண்ணுக்கும் ஆகாமக் கெடந்துச்சு. ஒடிச்சுப் போட்டுட்டேன்.”

வானிலை சொல்கிற மாதிரி சொன்னார். அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவரே கேட்டுவிட்டார்.

“ஒங்க பெட்டியில எத்தன இருக்கு?”

சொன்னேன்.

சிரித்தார்! பல் இல்லாத வாயால், செல்லமாக. “அவ்வளவுதானா? அப்ப மிச்சமெல்லாம் வீடு வீடாப் பத்திரமா இருக்கு. நல்ல பசங்க.”

அக்காவின் வளையல் சத்தம் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்தவில்லை. இன்னும் இனிமையாக்கினார். “பழசுன்னு எழுதிடும்மா. ஒங்கக்கா இந்த வீட்டுல மகாராணியாட்டம் இருக்கா. அப்படியே இருக்கட்டும்.”

“என்ன மாமா, என்னப் பத்தியா பேச்சு?” என்று கேட்டுக்கொண்டே அக்கா வந்தாள். காப்பியைக் குடித்தேன். குடித்தேனா? டம்ளர் காலியாக இருந்தது.

மார்ச் 17

வாசல் காவலாளி சொன்னார்: ரெண்டு பேர் வந்து, பழைய கத்தி பாக்கற அம்மா எந்த ரூம்ல இருப்பாங்கன்னு கேட்டாங்க. பேர் கேட்டா சொல்லல. சிரிச்சுட்டுப் போயிட்டாங்க.

மார்ச் 18, செவ்வாய்

இயக்குநர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். பலகை எழுதுகிறவர் காத்திருக்கிறாராம்.

எழுத உட்கார்ந்தால் அக்கா முகம் வருகிறது. நான் உண்மையை எழுதினால் அவளுக்கு வீடு இருக்குமா? அத்தான் என்னை மன்னிப்பாரா? எழுதாவிட்டால் — சின்னப் பிள்ளைகள் வரிசையில் வந்து நிற்பார்கள், டீச்சர் பலகையை வாசிப்பார், தளபதி, வீரம்... ஐயோ, அதன் பிடி இன்னொருத்தர் வீட்டுச் சுவரில் இருந்தது. அதன் அலகு எங்கெங்கே இருந்தது?

இன்றைக்கும் எழுதவில்லை.

மார்ச் 20, வியாழன்

அத்தான் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். “என்ன டாக்டரம்மா, ஆபரேஷன் முடிஞ்சுதா? நோயாளி பொழச்சானா?”

மேசையை மூட நேரமில்லை. ஒரு பக்கம் கழற்றிய பிடி. நடுவில் அவருடைய அலகு. ஒப்பிட்டுப் பார்க்க நான் கொண்டுவந்து வைத்திருந்த பெட்டிக் கத்திகள் அதன் பக்கத்தில் வரிசையாக.

“இதெல்லாம் என்ன?” என்றார். நான் வாய் திறப்பதற்குள் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டார். வாலைத் திருப்பினார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். தலைகீழ் 4.

அந்த மனிதரை இத்தனை வருடமாகப் பார்க்கிறேன். சாவு வீட்டில்கூட ஏதாவது ஒன்று சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவார். இன்று அந்த முகத்திலிருந்து யாரோ சிரிப்பைத் துடைத்தெடுத்த மாதிரி இருந்தது. அடுத்ததை எடுத்தார். அடுத்ததை. கட்டைவிரலால் ஒவ்வொரு எண்ணையும் தடவினார், கண் தெரியாதவர் தடவுவது போல.

“இது நான் குத்தினது” என்றார்.

“அத்தான்?”

“நாலு எனக்கு வரவே வராது. எப்பவும் தலைகீழா வச்சிடுவேன். அப்பா திட்டவே மாட்டார். ‘பரவால்லடா, எண்ணு எண்ணுதான்’ம்பார்.” நாற்காலி பக்கத்தில் இருந்தும் தரையில் உட்கார்ந்தார். “அப்ப நான் பள்ளிக்கூடம் சேந்த புதுசு. பட்டறை சாயங்காலம் மூடினப்புறம் என்ன மட்டும் கூட்டிட்டுப் போவார். உலை கனகனன்னு இருக்கும். ஒரு டப்பா நெறைய எண்ணு அச்சு. நான் ஒவ்வொண்ணா வச்சுத் தட்டணும். கை வலிக்கும். வலிக்குதுன்னு சொன்னா அனுப்பிடுவாரோன்னு சொல்ல மாட்டேன். எங்கப்பா எங்கூட இருந்தது அந்தக் கொஞ்ச நாள்தான். நான் எண்ணு கத்துக்கிட்டதே இதுலதாம்மா.”

“எதுக்குன்னு கேக்கலையா?”

“புல்லு வெட்டறதுக்குன்னார்.”

தலையை நிமிர்த்திக் கேட்டார்: “இதெல்லாம் எங்க கெடச்சுது?”

“ஏரியில” என்றேன். இந்த ஊரில் பிறந்தவருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாகத் தன்னுடைய அலகைப் பார்த்தார். அந்த 1. “இத மட்டும் அப்பா கையப் புடிச்சுத் தட்ட வச்சார். மொத எண்ணு நேரா விழணும்னு.”

தண்ணீர் கொண்டுவர மாடிக்குப் போனேன்.

அன்றே, மாலை

திரும்பி வந்தபோது அத்தான் இல்லை. அலகும் இல்லை. போர்வையும் இல்லை.

பிடி மட்டும் கிடக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

அக்கா: “என்னடி ஆச்சு? நேத்து வந்ததுலேருந்து ஒங்கத்தான் ஒரு வாய் சாப்பிடல. மாமா ரூம் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்கார். உள்ள போறதும் இல்ல, எழுந்திரிக்கறதும் இல்ல. மடியில என்னமோ போர்வை.”

“அந்தப் போர்வைய வாங்கி வச்சிடு அக்கா.”

“கேட்டேன். குடுக்க மாட்டேங்கறார். குட்டி, எனக்குப் பயமா இருக்கு.”

எல்லாவற்றையும் சொன்னேன். போனில், நின்றுகொண்டே. பிறகு, “மாமா எனக்கு எவ்வளவு செஞ்சிருக்கார் தெரியுமா” என்றாள். பிறகு, “சரி, வைக்கறேன்.”

உட்கார்ந்து எழுதினேன். இனி தள்ளிப்போட என்ன இருக்கிறது? பிடி: சுமார் இருநூறு ஆண்டுப் பழமை, பாலத்துக்கு அப்பால் ஒரு வீட்டிலிருந்து எடுக்கப்பட்டது, உரியவர் பெயர் தெரியவில்லை. அலகு: லாரி ஸ்பிரிங் பட்டை. செய்த காலம், அந்த வருடம். செய்த இடம், நெடுஞ்சாலை ஓரப் பட்டறை. பட்டறை உரிமையாளர் என்னிடம் கூறியவை பின்வருமாறு. கையெழுத்து.

இயக்குநர் முதல் பக்கத்தோடு நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு, “இத நான் பாக்கலம்மா. நீங்களும் எழுதல” என்று என் பக்கமாக நகர்த்தினார். பெட்டி நீதிமன்றத்துச் சொத்து சார் என்றேன். நேரே நீதிமன்ற அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்து, முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

திரும்பும்போது பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். இப்படி நடப்பதற்கு இனிப் பழகிக்கொள்ள வேண்டுமோ?

மார்ச் 22, சனி

அக்கா போனை எடுக்கவில்லை. பொறுக்க முடியாமல் போனேன். வெளிக் கதவைப் பாதி திறந்து, உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றாள். தலை வாரவில்லை.

“இப்ப வராத.”

“அவர் எங்க?”

“அங்கேயேதான்.”

“போர்வை?”

“மடியிலதான்.” திரும்பி உள்ளே பார்த்தாள். “மாமா உள்ளேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கார். ‘டேய், தண்ணி குடுடா’ங்கறார். இவர் எழுந்து போய்க் குடுக்கறார். குடிக்க வச்சு, வாயத் தொடச்சு விட்டுட்டு, மறுபடி வந்து ஒக்காந்துக்கறார். ஒரு வார்த்த பேசல. மாமாவுக்குப் புரிஞ்சு போச்சுடி. ராத்திரியெல்லாம் தூங்காம வாசலையே பாத்துக்கிட்டிருக்கார்.”

நான் போலீசுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

“அவரு ஒண்ணும் செய்ய மாட்டார்” என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், நான் ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்று.

ஆமாம் என்றேன்.

மார்ச் 23

ஒன்றும் இல்லை. போன் அடித்த ஒவ்வொரு தடவையும் செத்துப் பிழைத்தேன்.

மார்ச் 24, திங்கள்

பத்தரை மணி வாக்கில் அக்கா கூப்பிட்டாள். குரல் தண்ணீர் போல இருந்தது, ஏற்ற இறக்கமே இல்லாமல்.

காலையில் அத்தான் குளித்தாராம். வெந்நீர்க் கிண்ணமும் சோப்பும் சவரக் கத்தியும் எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குள் போனாராம். அக்கா பின்னாலேயே ஓடி வாசற்படியில் நின்றுவிட்டாளாம். கால் நகரவில்லை. பெரியவர் மகன் கையில் இருந்ததைப் பார்த்தார், மகன் முகத்தைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு தாடையை மேலே தூக்கிக் கொடுத்தாராம்.

“மெதுவா, ஒரு கீறல் இல்லாம, கழுத்து மடிப்பெல்லாம் விரிச்சு விரிச்சு செஞ்சார்டி. முடிச்சதும் ஈரத்துணியால தொடச்சார். மாமா கண்ணத் தொறக்கவே இல்ல. ஓரத்துலேருந்து தண்ணி மட்டும் வழிஞ்சுது. அதையும் தொடச்சார். அப்புறம் கத்தியக் கழுவி வச்சுட்டு, சட்டை மாத்திக்கிட்டு, போர்வைய எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டார்.”

“எங்க?”

“கோர்ட்டுக்கு. வாக்குமூலம் குடுக்கணுமாம். யார் யாருக்கு எந்த எண்ணு போச்சுன்னு ஞாபகம் இருக்காம். அப்பா பேர் சொல்லச் சொல்லத்தான் இவர் குத்தினாராம்.”

“குட்டி, சாயங்காலம் வீட்டுக்கு வா. அவர் திரும்பி வரும்போது வாசல்ல ரெண்டு பேராவது நிக்கணும்” என்றாள்.